தலைக்கு வந்தது ஹெல்மெட்டோடு போகட்டும்!



"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஆனால் நம் பாலிடெக்னிக் வண்டி ஸ்டாண்டில் போய் ஒரு ரவுண்டு பாருங்கள். ஹெல்மெட் எங்கே இருக்கிறது? சில வண்டிகளில் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். சிலவற்றில் மிரரில் தொங்கும். சில நண்பர்களுக்கு முழங்கையில் வளையல் மாதிரி மாட்டியிருக்கும். போலீஸ் நிற்கிற சிக்னல் வந்தால் மட்டும் தலைக்கு ஏறும், தாண்டினதும் இறங்கிவிடும். ஹெல்மெட் என்பது போலீஸ்காரருக்காகப் போடுகிற தொப்பி என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நாமெல்லாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அதன்மேல் நமக்கு மரியாதை வரும். எனவே ஹெல்மெட் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாடம் மாதிரியே பார்த்துவிடுவோம். சட்டம் எல்லாம் அப்புறம்.

மண்டைக்குள் நடப்பது என்ன?

மனித மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. கட்டித் தயிர் போல மெத்தென்று இருக்கும். மண்டை ஓட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓடுகிற பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருக்கிற நாம் என்ன ஆகிறோம்? பஸ் நின்றுவிடும், நாம் முன்னாடி போய் விழுவோம். நியூட்டனின் முதல் விதி. தலை தரையில் மோதும்போதும் அதே கதைதான். மண்டை ஓடு நின்றுவிடும், உள்ளே இருக்கிற மூளை நிற்காது. ஒரு பக்கச் சுவரில் போய் இடிக்கும், சில சமயம் எதிர்ப்பக்கமும் அடிபடும். உள்ளே ரத்தக் குழாய் அறுந்தால் அந்த ரத்தம் வெளியே வர வழி இல்லை. ஓடு விரிந்து கொடுக்காது. ரத்தம் சேரச் சேர மூளைதான் நசுங்கும்.

இதனால்தான் வெளியே காயம் இல்லாவிட்டாலும் தலை அடியை நம்பக்கூடாது. எங்கள் ஊரில் ஒரு அண்ணன் இருக்கிறார். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் கைதேர்ந்தவர். சுற்று வட்டாரத்தில் மோட்டார் எரிந்துபோனால் அவரைத்தான் தேடி வருவார்கள். ஒரு நாள் டீக்கடைக்குப் போய்த் திரும்பும்போது நாய் குறுக்கே வந்து விழுந்துவிட்டார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தானே எழுந்து, வண்டியை நிமிர்த்தி, "ஒண்ணும் இல்லப்பா, போங்க" என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். சாயங்காலம் தலைவலி, வாந்தி. ராத்திரி நினைவு தப்பிவிட்டது. ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இன்றைக்கு அவரால் காயில் கட்ட முடியவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது; எத்தனை சுற்று சுற்றினோம் என்ற எண்ணிக்கை மனதில் நிற்பதில்லை. நாற்பது வரைக்கும் வருவார், அப்புறம் முதலில் இருந்து ஆரம்பிப்பார். அக்கா கூலி வேலைக்குப் போகிறார். அன்று அவர் போன தூரம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

"பக்கத்துல தாண்டா போறேன், மெதுவா தாண்டா ஓட்டுவேன்" என்று சொல்கிற நண்பர்களுக்காக இந்தக் கணக்கு.

வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது நம் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி ஓடவே வேண்டாம். அந்த உயரத்திலிருந்து தலை நேராகத் தரைக்கு வந்தால் என்ன வேகம்? 2, 9.81, 1.5 மூன்றையும் பெருக்கினால் 29.4. அதன் வர்க்கமூலம் சுமார் 5.4. அதாவது விநாடிக்கு 5.4 மீட்டர், மணிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். ஸ்பீடாமீட்டர் பூஜ்ஜியம் காட்டினாலும் தலைக்கு 20 கிலோமீட்டர் வேகம் கிடைத்துவிடுகிறது!

அடுத்து, அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான் முக்கியம். வெறும் தலை சிமெண்ட் ரோட்டில் மோதி 2 மில்லிமீட்டருக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 29.4-ஐ அந்த நிறுத்தும் தூரத்தின் இரண்டு மடங்கால், அதாவது 0.004-ஆல் வகுத்தால் 7350 வரும். இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 750 மடங்கு. தலையின் எடை 5 கிலோ என்றால், 3 டன்னுக்கும் மேலான எடை ஒரு கணம் மண்டையில் உட்கார்ந்து எழுந்த மாதிரி.

அதே தலை, அதே ரோடு, அதே வேகம். ஆனால் ஹெல்மெட் இருப்பதால் 25 மில்லிமீட்டர் தூரத்தில் மெதுவாக நிற்கிறது என்று வையுங்கள். இப்போது விடை 588. அதாவது சுமார் 60 மடங்கு. 3 டன்னுக்கு மேல் இருந்தது 300 கிலோவாகக் குறைந்துவிட்டது.

வேகம் ஒரே சீராகக் குறைகிறது என்று வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது. உண்மையில் இன்னும் சிக்கல்கள் உண்டு. ஆனாலும் விஷயம் புரிந்திருக்கும். ஹெல்மெட் நமக்கு வாங்கித் தருவது 20, 25 மில்லிமீட்டர் தூரம். அவ்வளவுதான். அந்த ஒரு அங்குலம்தான் உயிர்.

வேகம் கூடினால் சேதம் வர்க்கத்தில் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு மரத்தில் நேராக மோதுவது 6 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் என்றால் அது 14 மீட்டர், ஏறக்குறைய நாலு மாடி. எனவே ஹெல்மெட் போட்டாச்சு, இனிமேல் பறக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. அதற்கும் ஒரு எல்லை உண்டு.

தெர்மோகோல் செய்யும் வேலை

ஹெல்மெட்டில் பாதுகாப்பு கொடுப்பது வெளியே பளபளக்கும் ஓடுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், பாலிகார்பனேட் அல்லது ஃபைபரில் செய்த அந்த ஓடு, கூரான கல்லைத் தடுக்கும். ஓர் இடத்தில் விழும் அடியைப் பரவலாக்கும். ரோட்டில் வழுக்கிக்கொண்டு போக உதவும். ஆனால் அடியின் சக்தியை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கிற தெர்மோகோல். டி.வி. பெட்டியில் வருகிறதே, அந்த வகைதான், இன்னும் கெட்டியானது. மோதலில் அதன் நுண்ணிய காற்றறைகள் நொறுங்கி நசுங்கும். நசுங்குவதற்கு ஆகிற சக்தி நம் மூளைக்குப் போக வேண்டிய சக்தி. லேப்பில் ஐசாட், சார்பி டெஸ்ட் செய்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். உடைகிற பொருள் சக்தியை வாங்கிக்கொண்டுதான் உடைகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான பாடம்: நசுங்கின தெர்மோகோல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் மட்டும் இருந்தாலும், வேலை முடிந்துபோன ஹெல்மெட். மாற்றிவிட வேண்டும். அதேபோல பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைக்கவே கூடாது. ஒரு தெர்மோகோல் துண்டில் பெட்ரோல் பட்டால் எப்படிக் கரைகிறது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விபத்தும் ஒரு டாக்டரும்

"லாரன்ஸ் ஆஃப் அரேபியா" என்ற 1962-ஆம் ஆண்டுப் படம் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில்தான் ஆரம்பிக்கும். அது நிஜமாக நடந்தது. முதல் உலகப் போரில் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று இங்கிலாந்தில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வண்டி ஓட்டி வந்தபோது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள்மேல் மோதாமல் இருக்கத் திருப்பி, தூக்கி எறியப்பட்டார். ஹெல்மெட் இல்லை. 6 நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். பின்னாளில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட் ஏன் அவசியம் என்று 1941-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வந்தது 1973-ல்தான். நல்ல விஷயம் மனிதன் தலையில் ஏறுவதற்கு எவ்வளவு காலம் ஆகிறது பாருங்கள்!

பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2008-ல் வெளியான ஒரு மதிப்பீடு, விபத்தில் சிக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு ஹெல்மெட் மரண ஆபத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று சொல்கிறது.

நம் நாட்டு நிலவரம்? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதிலே 14,337 பேர் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள். "நான் ஓட்டலையே, சும்மாதானே உக்காந்து வர்றேன்" என்பவர்கள் இந்த எண்ணை இன்னொரு தடவை படிக்கவும்.

சாக்குப்போக்குகள்

"முடி கொட்டும்." வியர்வையும் அழுக்கும்தான் தொல்லை. உள்ளே ஒரு காட்டன் கைக்குட்டை கட்டுங்கள், உள்துணியை அடிக்கடி துவைத்துக் காயப்போடுங்கள். முடி போனாலும் தலை இருக்கும், தலை போனால் சீப்பு எதற்கு?

"காது கேக்காது." ஹெல்மெட் ஹாரன் சத்தத்தைக் குறைப்பது போலவே காற்றின் இரைச்சலையும் குறைக்கிறது. ஹாரன் கேட்கத்தான் செய்யும். இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர் இந்தக் காரணத்தைச் சொல்வதுதான் வேடிக்கை.

"வெயில்ல வேகுது." உண்மைதான், மறுக்கவில்லை. சித்திரை வெயிலில் கஷ்டம்தான். காற்றுத் துளை உள்ளதாக, வெளிர் நிறத்தில் வாங்கினால் கொஞ்சம் பரவாயில்லை. வெல்டிங் ஷாப்பில் கண்ணாடியும் கையுறையும் போட்டு வேகிறோமே, அதை யாராவது கழற்றுகிறோமா?

வாங்கும்போது கவனிக்க

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதனுடன் ஐ.எஸ். 4151 என்ற எண், உரிம எண் மூன்றும் இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ரோட்டோரம் முத்திரை ஸ்டிக்கர் ஒட்டிய போலிகளும் உண்டு. பி.ஐ.எஸ். கேர் செயலியில் உரிம எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

2. தலைக்கு இறுக்கமாக, ஆனால் வலிக்காமல் இருக்க வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் கூடவே ஆட வேண்டும், தனியாக ஆடக் கூடாது. அண்ணன் ஹெல்மெட் தம்பிக்குச் சரிப்படாது.

3. தாடைப்பட்டையை மாட்டுங்கள். இதைத்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. பட்டை போடாத ஹெல்மெட் நமக்கு முன்னால் பறந்து போய் ரோட்டில் விழும், அப்புறம்தான் நம் தலை விழும்.

4. விபத்தில் சிக்கியவரின் ஹெல்மெட்டைப் பதற்றத்தில் பிடித்து இழுக்காதீர்கள். கழுத்தெலும்பு அடிபட்டிருக்கலாம். முகக் கண்ணாடியைத் திறந்து மூச்சு வருகிறதா பாருங்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவின்படி ஓட்டுபவர், பின்னால் அமர்பவர், 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தை எல்லோரும் ஹெல்மெட் அணிய வேண்டும். தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு. மீறினால் அபராதம் 1000 ரூபாய், லைசென்ஸும் 3 மாதம் செல்லாமல் போகலாம். அந்த ஆயிரம் ரூபாயில் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டே ஒன்று வாங்கிவிடலாம்.

நமக்கு ஏன் இது கூடுதல் முக்கியம்?

நண்பர்களே, நம் பாலிடெக்னிக்கில் படிக்கிறவர்களில் என்னைப் போல் பலர் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். என் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். அட்மிஷன் பாரத்தில் என் அம்மா வைத்தது கைநாட்டு. எங்களுக்கு நிலம் இல்லை, கடை இல்லை, அம்மாவின் கம்மல் அடகில் இருக்கிறது. வீட்டில் இருந்த காசு, மூன்று வருஷ உழைப்பு, தங்கச்சியின் படிப்பு பற்றிய நம்பிக்கை எல்லாவற்றையும் சேர்த்து அவர்கள் போட்டு வைத்திருக்கிற ஒரே இடம் என் தலை. லேத்தில் கற்ற அளவும், டிராயிங்கில் கற்ற கோடும், கணக்கில் கற்ற சூத்திரமும் அதற்குள்தான் இருக்கின்றன. கால் உடைந்தால் கட்டுப் போடலாம். எண்ணிக்கை மறந்துபோன தலைக்குக் கட்டுப் போட வழியில்லை.

நம்மில் பலருக்கு 18 முடிந்து இப்போதுதான் லைசென்ஸ் கையில் வந்திருக்கிறது. பழக்கத்தை ஆரம்பிக்க இதுதான் நல்ல நேரம். நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் முதலாண்டு தம்பி தங்கைகள் வரும்போது, ஒரு பழைய ஹெல்மெட்டை ஒர்க்ஷாப்பில் இரண்டாக அறுத்து, உள்ளே இருக்கிற தெர்மோகோலைக் காட்டிவிடுவோம். நூறு போஸ்டர் ஒட்டுவதைவிட அது நன்றாகப் புரியும்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு" என்பது பழமொழி. தலைப்பாகை இருந்ததால்தானே போச்சு! நமக்கு வருவது ஹெல்மெட்டோடு போகட்டும். பட்டையை மாட்டிவிட்டு வண்டியை எடுங்கள், நண்பர்களே.