செத்த டிராக்டர் என்ன விலை?

"அண்ணா, நீ பி.காம். படிச்சவன்தானே? அவரோட ஒரு நடை போய்ட்டு வாயேன்..." என்று தங்கை போனில் சொன்னபோது, ஏதோ பாங்க் சமாசாரம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். (போனில் தலையாட்டினால் தெரியாது என்பது வேறு விஷயம்!)

போன பிறகுதான் விவரம் தெரிந்தது. மச்சானுக்கு வில்லியனூரில் ஒரு சின்ன வெல்டிங் பட்டறை. கலப்பை, டிரெய்லர் ரிப்பேர் என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு யோசனை. ஓடாத பழைய டிராக்டரை வாங்கி, பிரித்து, பார்ட் பார்ட்டாக விற்றால் என்ன? முதலீடு, என் தங்கையின் இரண்டு வளையல். அது ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போய், 80,000 ரூபாயாக உருமாறி, மச்சானின் சட்டைப்பையில் உட்கார்ந்திருந்தது.

மச்சான், நான், ஒரு பழைய மெக்கானிக் என மூன்று பேரும் ஒதியம்பட்டுக்குக் கிளம்பினோம். மெக்கானிக்கை எல்லோரும் 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வில்லியனூர் கொம்யூனில், சங்கராபரணி ஆற்றுப் பக்கத்துக் கிராமம். வைக்கோல் போருக்குப் பக்கத்தில், பூசணிக்கொடி ஏறிய நிலையில் நின்றது நமது கதாநாயகன். 35 குதிரைசக்தி, மூன்று சிலிண்டர், 1990-ல் வாங்கியது.

"எண்பத்தஞ்சு ஆயிரம்" என்றார் வீட்டுக்காரப் பெரியவர். "என் பொண்ணு கல்யாணச் சீரு இதுலதான் போச்சு. புள்ளைய காலேஜுல சேர்த்ததும் இது சம்பாதிச்சதுதான்."

நான் பேனாவை எடுத்தேன். இன்ஜின் 45,000, கியர்பாக்ஸ் 25,000, ஹைட்ராலிக் லிப்ட் 20,000, பின் டயர் இரண்டும் 18,000, முன் ஆக்ஸில் ஸ்டியரிங்கோடு 12,000, டீசல் பம்ப் 10,000. மச்சான் சொல்லச் சொல்ல எழுதிக் கூட்டினால், 1,30,000! செலவு 85,000. லாபம் 45,000. கையிருப்புக்கு மேல் 5,000தானே, நானே போடுகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "தம்பி, எழுத்து முத்து முத்தா இருக்குது. கணக்குதான் தப்பு" என்றார்.

பால் காபி வைத்தியம்

அடுத்த அரைமணி நேரம் மேஸ்திரி செய்தது டாக்டர் வேலை. முதலில் ஆயில் குச்சியை உருவினார். நுனியில் கறுப்பு ஆயில் இல்லை. பால் விட்ட காபி மாதிரி ஒரு கலவை. "ஆயில்ல தண்ணி கலந்தாத்தான் இந்தக் கலர் வரும். ஹெட் கேஸ்கட்டா இருந்தா தப்பிச்சோம். பிளாக்கு வெடிச்சிருந்தா போச்சு." குனிந்து பார்த்தால், பிளாக்கின் பக்கவாட்டில் பழைய வெல்டிங் தழும்பு! என் 45,000 ரூபாய் இன்ஜின் அங்கேயே உயிரை விட்டது.

முன் சக்கரத்தை ஆட்டினார். 'டொக் டொக்' என்றது. கிங் பின் தேய்மானம். ஃபேனைக் கையால் சுற்றினார். இன்ஜின் ஜாம் இல்லை. பின் ஆக்ஸில் முனையை விரலால் சுரண்டி மண்ணை முகர்ந்தார். கேஜ் வீல் போட்டுச் சேற்று உழவு அடித்த வண்டியில், சீல் வழியாகச் சேறு உள்ளே போய் பேரிங்கையும் பிரேக்கையும் தின்றிருக்குமாம்.

"எப்படியும் இரும்பு விலைக்குப் போகுமில்ல? ஒன்றே முக்கால் டன் இருக்கும். எடைமேடையில் ஏத்திப் பார்த்துடலாம்" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"பின் டயர் வால்வைக் கொஞ்சம் அமுக்குங்க, தம்பி."

அமுக்கினேன். பீய்ச்சியடித்தது தண்ணீர்... நேராக என் பேன்ட்டில்! வயலில் வழுக்காமல் இருக்க, பின் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புவது வழக்கமாம். டயருக்குச் சுமார் 150 லிட்டர். பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்து அப்படியே எடை போட்டிருந்தால், 9,000 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கியிருப்போம். மினரல் வாட்டரே தேவலை!

மூன்று குவியல்

திண்ணையில் உட்கார்ந்து மேஸ்திரி பாடம் எடுத்தார். டிராக்டரை மனசுக்குள்ளேயே மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். வந்தவுடன் போவது. காத்திருந்தால் போவது. எடைக்குப் போவது.

முதல் குவியல்: லிப்ட் 20,000, பம்ப் 10,000, வெடிப்பு விட்ட டயர்கள் 8,000. ஆக 38,000.

இரண்டாவது: கியர்பாக்ஸும் முன் ஆக்ஸிலும். 37,000 என்று எழுதியிருந்தேன். எப்போது போகுமோ தெரியாது என்பதால் பாதிதான், 18,500.

மூன்றாவது: செத்த இன்ஜின் உட்பட மிச்சம் 900 கிலோ, 27,000.

மொத்தம் 83,500. அதில் வண்டி வாடகை, பிரிக்கிற கூலி, கேஸ் கட்டிங், கழுவ டீசல், வளையலுக்கு வட்டி எல்லாம் 15,500 போனால் 68,000. உள்ளே திறந்த பிறகு வரப்போகிற அதிர்ச்சிக்கும் மச்சானின் உழைப்புக்கும் சேர்த்து 13,000 தள்ளினால்... 55,000. அதற்கு மேல் ஒரு பைசா தரக் கூடாது!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிருப்புச் சரக்கை 'அடக்க விலை அல்லது சந்தை விலை, எது குறைவோ அதில் மதிப்பிடு' என்று மூன்று வருஷம் உருப்போட்டவன் நான். அதை ஒரு நாளும் காலேஜ் வாசலைத் தாண்டி எடுத்து வந்ததில்லை. மேஸ்திரி படிக்காமலேயே கையில் வைத்திருக்கிறார்!

"அப்ப எந்த வண்டி வாங்கினா லாபம்?" என்றான் மச்சான்.

"சுத்துப்பட்டுல அதே மாதிரி எத்தினி வண்டி ஓடுதுன்னு எண்ணு. செத்த வண்டிக்கு விலை சொல்றது அது இல்ல. உயிரோட இருக்கிற வண்டிதான்."

சார், இந்த ஒரு வரிக்கு அவருக்கு டாக்டர் பட்டமே தரலாம். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபேயின் மாஸி பெர்குசன் நம் பக்கத்தில் இன்னும் ஏராளமாக உழுகிறது; அதன் பாகத்துக்கு ஆள் வருவார்கள். பிஞ்சோரில் 1971 முதல் டிராக்டர் செய்த எச்.எம்.டி. கதை வேறு. அந்தப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. புதுப் பாகம் அருமையானால் பழைய பாகத்துக்குக் கிராக்கி ஏறும். ஆனால் ஓடுகிற வண்டிகளே குறைந்துபோனால், அதே பாகம் வெறும் இரும்புதான்.

"ஒதி பெருத்தா உத்தரம் ஆவுமா? ஊர் பேர்லயே இருக்குது தம்பி" என்று சிரித்தார் மேஸ்திரி. வண்டி பெரிசாக இருந்தால் விலையும் பெரிசாக வேண்டுமா என்ன!

காகிதம் பேசட்டும்

பிறகு ஆர்.சி. புத்தகம். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பொருந்தின. அராவியிருந்தால் அந்த இடத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்ப இடமிருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு காத்திருக்கிறது.

ஆனால் ஆர்.சி.யில் பாங்க் கடன் பதிவு அப்படியே இருந்தது. "எப்பவோ கட்டியாச்சுப்பா" என்றார் பெரியவர். கட்டியிருக்கலாம், பாங்க் கையெழுத்திட்ட படிவம் 35 போய்ச் சேரும்வரை பதிவு நீங்காது. இன்னொன்று: வண்டி இனி உபயோகப்படாது என்றாகிவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 55-வது பிரிவுப்படி உரிமையாளர் 14 நாளைக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். பிரித்த பிறகு யார் நடப்பது என்று இழுபறி வேண்டாம். விலை பேசும்போதே பேசிவிடுவது நல்லது.

மச்சான் மெல்ல, "அம்பத்தஞ்சு" என்றான். பெரியவர் முகம் சுருங்கியது. எனக்கும் சங்கடம். அவர் விற்பது முப்பது வருஷ வாழ்க்கை. நாங்கள் வாங்குவது லிப்டும் பம்பும். இரண்டுக்கும் ஒரே தராசு கிடையாது. நான் கணக்குக் காகிதத்தை அவரிடமே நீட்டினேன். மூன்று குவியலையும் விரல் வைத்துப் படித்தார். "என் வண்டிய இப்படி யாரும் பிரிச்சுக் காட்டினதில்ல" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "காகிதத்த முடிச்சித் தரேன். சீட்டை மட்டும் நான் வெச்சிக்கிறேன்" என்றார். அட்வான்ஸ் 5,000. மீதி, பாங்க் கடிதம் வந்த பிறகு.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. லிப்ட் ஒரே வாரத்தில் போனது. பம்பும் டயரும் போயின. முன் ஆக்ஸில் தீபாவளிக்கு முன்னால் போனது. கியர்பாக்ஸ் மட்டும் பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கிறது. தங்கை அதன் மேல் வடகம் காயவைக்கிறாள்.

வளையலில் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னொன்று அந்தக் கியர்பாக்ஸுக்குள்தான் இருக்கிறது. யாருக்காவது தேவைப்பட்டால் வில்லியனூர் பக்கம் வாருங்கள். விலை? அதை மேஸ்திரிதான் சொல்வார். நான் கூட்டல் மட்டும்தான்!