எல்லாம் நார்மல், தூக்கம்தான் இல்லை

பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிளினிக்குகளில் மாலை வேளையில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு வகை நோயாளி அடிக்கடி கண்ணில் படுவார். கையில் துணிக்கடைப் பை. அதற்குள் இரண்டு மூன்று ஈ.சி.ஜி., ஒரு எக்கோ, தைராய்டு ரிப்போர்ட், வசதி இருந்தால் எண்டோஸ்கோபியும். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப்போகிறது, உயிரே போய்விடும் போலிருக்கிறது என்பார். “வாயுவா இருக்கும்” என்று வீட்டில் பூண்டு, ஓமம் எல்லாம் கொடுத்து முடித்திருப்பார்கள். டாக்டர் பையைப் புரட்டிவிட்டு, “எல்லாம் நார்மல். ஒண்ணும் இல்ல, தைரியமா இருங்க” என்பார். நல்ல செய்திதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி நெஞ்சு அடிக்கும்போது அந்த ‘ஒண்ணும் இல்ல’வை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அடுத்த வாரம் வேறு டாக்டர். அதற்கும் அடுத்து புதுச்சேரி ஜிப்மர்.

ஒன்றும் இல்லாமல் இல்லை. அவருக்கு இருப்பது பதற்றக் கோளாறு. தைராய்டு, ரத்தசோகை, இதயக் கோளாறு இவையெல்லாம் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்வது அவசியம். உறுதியான பிறகும் ஐந்தாவது ஈ.சி.ஜி. எடுப்பது பதற்றத்துக்குத் தீனி போடும் வேலை.

பண்ருட்டியை அடுத்த அண்ணாகிராமம் ஒன்றியத்தில் பதற்றத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் இந்த வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்துப் போட்டது. பலா காய்க்கிற வயதுக்கு வர எத்தனை வருடம் என்பது நட்டவர்களுக்குத் தெரியும். 2015இல் வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரை மீறியது. இப்போது டி.வி.யில் ரெட் அலர்ட் என்றாலே தூக்கம் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாரா வாரம் வாசலுக்கு வருகிற குழுக் கடன் தவணை வேறு.

இதில் பாதி நியாயமான பயம்; அதை நோய் என்று சொல்லி மாத்திரை நீட்டுவது அபத்தம். தெரபியால் கடன் அடையாது, ஆறு வற்றாது. பிறகு தெரபி எதற்கு?

பேசுவதற்கு நமக்கு ஆளா இல்லை என்று கேட்கலாம். சூலை நோயால் துடித்த அப்பர், எந்த வைத்தியமும் பலிக்காமல் கடைசியில் தமக்கை திலகவதியாரைத் தேடித்தான் வந்தார் என்கிறது பெரியபுராணம். அவர்கள் பிறந்த திருவாமூரும், நோய் தீர்ந்த திருவதிகையும் இந்தப் பக்கத்து ஊர்கள்தாம். (அப்பருக்கு இருந்தது பதற்றம் என்று சொல்ல வரவில்லை, அடிக்க வராதீர்கள்.) அக்காவிடம் சொல்லி அழுவது இன்றும் பாதி மருந்து. ஆனால் எல்லா அக்காவும் திலகவதியார் ஆகிவிட முடியாது. அவர் சேர்ந்து அழுவார், புத்தி சொல்வார், “இதுக்குப் போயா?” என்பார், சில சமயம் மாமாவிடமும் சொல்லிவிடுவார்.

பயிற்சி பெற்றவர் செய்வது வேறு. நெஞ்சு அடித்தால் மாரடைப்பு வந்துவிடும் என்று அஞ்சுகிறவரை அவர் வெறும் வார்த்தையால் தேற்றிக்கொண்டிருக்க மாட்டார். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, படிக்கட்டில் வேகமாக ஏறி இறங்கச் சொல்வார். வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சு விடச் சொல்வார். அதே படபடப்பு வரும், தலை சுற்றும். கூடவே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வார். சில நிமிடங்களில் அது உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடுவதை நோயாளி தன் உடம்பிலேயே பார்க்கிறார். பயந்து பயந்து விட்டுவிட்ட பஸ் பயணம், கல்யாண வீட்டுக் கூட்டம், தனியாகத் தூங்குவது ஆகியவற்றைச் சின்னதிலிருந்து பெரியதாக மீண்டும் செய்துபார்க்க வைப்பார். ஒவ்வொரு முறையும் என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்வார். அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் தொடங்கிய சிந்தனை–நடத்தை சிகிச்சையின் வழி இது.

கடனில் சிக்கியவரிடம் இது செல்லாது. அவருக்கு, எல்லாமாகச் சேர்ந்து அழுத்தும் பாரத்தைத் தனித்தனிப் பிரச்சினையாகப் பிரித்து, இந்த வாரம் எதில் கைவைக்க முடியும் என்று ஒன்றை மட்டும் எடுத்து வேலை செய்வார்கள். பெரும்பாலும் இது வருடக்கணக்கில் இழுக்கிற சமாசாரம் அல்ல. பல பேருக்குச் சில வாரங்கள், சில மாதங்கள்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்ற கேள்விக்குக் கோவாவில் ஒரு பதில் கிடைத்தது. மனநல ஆய்வாளர் விக்ரம் படேலின் குழுவினர் மனநோய்ப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையங்களில் ஆலோசகராக உட்கார வைத்தார்கள். பதற்றம், மனச்சோர்வு உள்ளவர்களில் ஆறு மாதத்தில் தேறியவர்கள் அரசு நிலையங்களில் 100க்கு ஏறத்தாழ 66 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த இடத்தில் 43 பேர்தான். ஆய்வு வெளியானது 2010இல். தனியார் கிளினிக்குகளில் இந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை என்பது சிந்திக்க வேண்டிய விஷயம்.

இப்படி உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவிப்பது நம் கடலூர் மாவட்டத்துக்கும் புதிதல்ல. 2004 சுனாமியில் தேவனாம்பட்டினம், எம்.ஜி.ஆர். திட்டு போன்ற ஊர்கள் சிதைந்தபோது மனநல மருத்துவர்களை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை. தமிழகக் கடற்கரைக்கு வந்த பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக் குழுவினர் உள்ளூர்ப் பணியாளர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். சென்னை சீனிவாசபுரத்தில், லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் உறவுகளைப் பறிகொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள், அங்கே மனச்சோர்வு குறைந்ததை அவர்கள் ஆய்வாகவே பதிவு செய்தார்கள். ஆனால் வெள்ளம் வடிந்ததும் பயிற்சியும் வடிந்துவிடுவதுதான் நம் வழக்கம்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. சிலருக்கு அது தேவைப்படும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் வழக்கமான மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மூன்றாம் நாள் “கேக்கல” என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அல்பிரசோலம் வகை மாத்திரை உடனே தூக்கம் தரும், பழக்கமும் ஆக்கும். அதை மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி வருடக்கணக்கில் போடுவது தனி நோயாக மாறிவிடுகிறது.

இங்கிருந்து எங்கே போவது? பண்ருட்டி அரசு மருத்துவமனையில் போய், மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்த நாளில் வருகிறது என்று கேளுங்கள். கடலூர் தலைமை மருத்துவமனை இருக்கிறது. பண்ருட்டியிலிருந்து ரயிலேறினால் சிதம்பரம்; ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது அரசுக் கல்லூரி, மனநலப் பிரிவு உண்டு. வெளியே தெரியாமல் பேச வேண்டுமென்றால் 14416. இலவசம், எந்நேரமும், தமிழில். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் காத்திருக்காமல் அன்றைக்கே அழைக்க வேண்டிய எண்ணும் அதுதான். 2018 மே முதல் நடப்பிலுள்ள மனநலச் சட்டத்தின்படி அரசு வழியில் சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. தனியாரிடம் போவதானால் ஒரு எச்சரிக்கை: ‘கவுன்சலிங் சென்டர்’ போர்டை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடுகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்கிறவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் துணிக்கடைப் பையோடு அலைகிறவர் தானாக மனநலப் பிரிவுக்குப் போக மாட்டார். வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? அதனால் உதவிதான் அவர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். பிரஷர் பட்டையைக் கழற்றும்போதே, இந்த இரண்டு வாரமாகப் பதற்றமாக இருக்கிறதா, கவலையை நிறுத்த முடியாமல் தவிக்கிறீர்களா என்று கேட்டுவிடலாம். உலகெங்கும் பதற்றத்தைக் கண்டறியும் முதல் இரண்டு கேள்விகள் இவைதாம். ஒரு நிமிடம் போதும். “ஆமாம்மா” என்று பதில் வந்தால் அனுப்புவதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில், வாரத்தில் இரண்டு நாளாவது, கோவாவில் பயிற்சி கொடுத்ததைப் போல் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நாற்காலிக்கு ஆகும் சம்பளம், ஊர் முழுக்க எடுக்கப்படும் தேவையற்ற ஈ.சி.ஜி. செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சுகாதாரத் துறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.