ஆண் மணல் ஈயின் மணமும் நோய்த் தடுப்பும்

நாராயணவனம் போன்ற ஊர்களில் மாட்டுக் கொட்டகைகளைப் பார்வையிடும் களப்பணியாளர், மண் சுவரின் வெடிப்புகளிலும் இருண்ட மூலைகளிலும் மணல் ஈக்களைத் தேடுவதுண்டு. இவற்றுள் குருதி குடிப்பது பெண் ஈயே; ஆண் கடிப்பதில்லை. ஆகவே ஆணைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூச்சியும் நோயும்

மணல் ஈ ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ளது. உடலெங்கும் மயிர் நிறைந்தது. அமர்ந்திருக்கும்போது சிறகுகளை மேல்நோக்கி உயர்த்தி வைத்திருக்கும். தத்தித் தத்திப் பறக்கும். இதன் புழுக்கள் ஈரமும் மட்கிய பொருள்களும் உள்ள மண்ணில் வளர்கின்றன.

இந்தியாவில் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலைப் பரப்புவது பிளிபாட்டமஸ் அர்ஜென்டிப்பெஸ் என்ற வகையாகும். இந்நோயை உண்டாக்கும் ஓரணு உயிரைச் சென்னையில் பணியாற்றிய டாக்டர் சார்லஸ் டோனவனும், லீஷ்மன் என்பாரும் தனித்தனியே ஆராய்ந்து 1903-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இருவர் பெயரும் இணைந்து அவ்வுயிர் லீஷ்மேனியா டோனவானி எனப்பட்டது. மணல் ஈயின் கடியால் நோய் மனிதருக்குப் பரவுவதை 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் மெய்ப்பித்தனர்.

காலா அசார் இன்று பெரும்பாலும் பீகார் முதலிய கிழக்குப் பகுதிகளிலேயே காணப்படுகிறது. ஆயினும் தென்னாட்டில் மணல் ஈயைப் புறக்கணித்தலாகாது. 2003-இல் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் சந்திப்புரா வைரஸால் 329 குழந்தைகள் மூளை அழற்சிக்கு ஆளாயினர். அவருள் 183 பேர் இறந்தனர். இவ்வைரஸைப் பரப்புவனவாகக் கருதப்படுபவை மணல் ஈக்களே.

ஆணின் அழைப்பு

ஓர் உயிர் வெளிவிட்டுத் தன் இனத்தின் பிற உயிர்களை ஈர்க்கும் அல்லது தூண்டும் இரசாயனப் பொருளுக்கு பெரோமோன் என்று பெயர். பட்டுப்பூச்சியில் பெண்ணே மணம் பரப்பி ஆணை அழைக்கிறது. 1959-இல் பூட்டனாண்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி அம்மணப்பொருளைப் பிரித்தறிந்தார்.

மணல் ஈக்களுள் சில வகைகளில் இது தலைகீழாக நிகழ்கிறது. பிரேசில் முதலிய நாடுகளில் வாழும் லுட்சோமியா லாங்கிபால்பிஸ் என்னும் வகையில், ஆணின் வயிற்றின் மேற்புறத்தில் வெளிறிய புள்ளிகள் உள்ளன. அங்குள்ள சுரப்பிகளில் மணப்பொருள் உண்டாகிறது. மாலையில் ஆண்கள் கோழிக்கூடு, கால்நடை ஆகியவற்றை நாடிச் சென்று திரள்கின்றன. பின்னர் சிறகுகளை அசைத்து மணத்தைப் பரப்புகின்றன. விலங்கின் வாடையும் ஆணின் மணமும் ஒன்றுசேரும்போது ஈர்ப்பு மிகுகிறது. பெண்கள் அங்கு வந்து ஆணுடன் கூடுவதோடு விலங்கின் குருதியையும் குடிக்கின்றன. நம் அர்ஜென்டிப்பெஸ் வகையும் கால்நடைகளிடத்தே திரள்வதை இலங்கையில் நடந்த ஆய்வொன்று 1990-இல் எடுத்துரைத்தது.

ஆகவே கடிக்காத ஆணே கடிக்கும் பெண்ணைக் கூட்டி வருகிறது எனலாம்.

பகையை அழைத்து அழித்தல்

இவ்வறிவைப் பிரேசில் விஞ்ஞானிகளும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் பயன்படுத்தினர். ஆணின் மணப்பொருளைச் செயற்கையாகச் செய்து கோழிக்கூடுகளில் வைத்து, அருகே பூச்சிக்கொல்லி தெளித்தனர். மணத்தை நாடி வந்த ஈக்கள் மருந்தில் பட்டு மடிந்தன. 2019-இல் வெளியான ஆய்வின்படி, இம்முறையால் நாய்களிடையே தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

எனினும் அம்மணத்தையே இங்குக் கொணர்ந்து வைத்தால் பயன் விளையும் என்று எண்ணலாகாது. லாங்கிபால்பிஸ் என்ற ஒரே பெயர் கொண்ட பூச்சிகளுள்ளும் இடத்துக்கு இடம் மணம் வேறுபடுகிறது. பூட்டுக்கேற்ற சாவி வேண்டும்.

பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

பிடித்த ஈக்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. வயிற்றின் நுனியில் இடுக்கி போன்ற உறுப்பு இருப்பின் அது ஆண். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே எண்ணிக் குறித்தல் நலம். ஆண்கள் மிகுதியாகத் திரளும் கொட்டகை எதுவோ, அங்குப் பெண்களும் வந்துசேரக்கூடும் என்பதை நினைவிற் கொண்டு சுவர் வெடிப்புகளைப் பூசவும், சாணக் குப்பையை அகற்றவும், மருந்து தெளிக்கவும் அவ்விடத்தை முதலில் கருதலாம். கொட்டகைக்கு அருகில் குழந்தைகளைத் துயிலவிடாமல், நுண்ணிய கண்ணியுடைய வலையைப் பயன்படுத்துமாறு பெற்றோர்க்கு மாணவர் வாயிலாக உணர்த்துதல் ஆசிரியரின் நற்பணியாகும்.