அலைக்குப் போகும் டீசல்

தமிழ்நாட்டில் பதிவு செய்த விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர் டீசல் விற்பனை வரி இல்லாமல் கிடைக்கிறது. 2023-ல் முதலமைச்சர் அறிவிக்கும் வரை அது 18,000 லிட்டராக இருந்தது. எஞ்சின் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் 4,400 ஆனது. திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகள் இந்த இரண்டாவது வகை. தெற்கே காசிமேட்டில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடப்பவை முதல் வகை. ஒதுக்கீடு போதவில்லை என்ற பேச்சு இரண்டு கரையிலும் உண்டு. அந்த டீசலில் எவ்வளவு படகை நகர்த்துகிறது, எவ்வளவு தண்ணீரைக் கலக்கிவிட்டு வீணாகிறது என்ற பேச்சுதான் குறைவு.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறும் லாரி லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் கொடுக்கும். 15 மீட்டர் விசைப்படகு ஒரு லிட்டரில் ஒரு கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். லாரியில் பெரிய எஞ்சின் வைத்தால் வேகம் கூடும், செலவும் அதற்கேற்பக் கூடும். படகில் ஒரு எல்லை வரைக்கும்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் கடல் விழுங்கிக்கொள்ளும்.

அந்த எல்லையைக் கண்ணாலேயே பார்க்கலாம். காற்றில்லாத காலையில், ஓடும் படகின் பக்கவாட்டில் குனிந்து தண்ணீரைப் பாருங்கள். அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீரைப் பிளக்கும் இடத்தில் ஒரு மேடு எழும்புகிறது. அதற்குப் பின்னால் பள்ளம், பிறகு இன்னொரு மேடு. படகோடு சேர்ந்தே ஓடிவரும் இந்த அலையின் இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமே. ஆழமான கடலில் 6 நாட் வேகத்தில் அது ஏறத்தாழ 6 மீட்டர். 8 நாட் என்றால் 11 மீட்டர். 9 நாட் என்றால் 13.7 மீட்டர். (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.)

நம் 15 மீட்டர் படகு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீளம் 13.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 6 நாட் வேகத்தில் பக்கவாட்டில் மூன்று மேடுகளை எண்ணலாம்: அணியத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்பக்கத்துக்குச் சற்று முன்னால் ஒன்று. படகு அவற்றின் மேல் சமமாக உட்கார்ந்திருக்கும். ஆக்சிலேட்டரைக் கூட்டக் கூட்ட மேடுகள் விலகிப்போகும். 9 நாட்டை நெருங்கும்போது இரண்டே மேடுகள்தான் மிஞ்சும். முதலாவது அணியத்தில், அடுத்தது சரியாகப் பின்முனையில். இன்னும் விரட்டினால் பின்மேடு படகை விட்டு விலகிப் பின்னால் போய்விடும். பின்பக்கம் பள்ளத்தில் இறங்க, அணியம் வானத்தைப் பார்க்கும். தான் எழுப்பிய மேட்டில் தானே ஏற முடியாமல் படகு திணறும். எஞ்சின் அலறும், புகை கறுக்கும், ஜி.பி.எஸ்.ஸில் வேகம் கால் நாட் கூடியிருந்தால் அதிகம்.

கணக்காகச் சொன்னால், தண்ணீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்க வேண்டும். 13.5 மீட்டருக்கு விடை 8.9 நாட். 8 மீட்டர் நீளம் தண்ணீரில் பதியும் ஃபைபர் படகுக்கு 6.9 நாட். எஞ்சினின் குதிரைத்திறன் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதை முறைப்படி அளந்து காட்டியவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1871-ல் கிரேஹவுண்ட் என்ற போர்க்கப்பலை இன்னொரு கப்பலால் கட்டி இழுக்கவைத்து, கயிற்றில் விழும் இழுவையை ஒவ்வொரு வேகத்திலும் குறித்தார். மறு ஆண்டு டார்க்கியில் தன் வீட்டருகே நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, மெழுகில் செய்த சிறு மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்துப் பார்த்தார். தண்ணீர் உடலில் உரசுவதால் வரும் தடை வேறு, அலை எழுப்புவதால் வரும் தடை வேறு என்று அவர்தான் பிரித்தார். இரண்டும் வேகத்தோடு வெவ்வேறு விதமாகக் கூடுகின்றன. மெதுவாகப் போகும்போது உரசல்தான் பெரிது. எல்லை வேகத்தை நெருங்கும்போது அலைத்தடை செங்குத்தாக ஏறுகிறது. இன்றைக்கும் புதுக்கப்பலின் வடிவத்தைத் தீர்மானிக்க இழுவைத் தொட்டியில் மாதிரியைத்தான் இழுக்கிறார்கள், சென்னை ஐ.ஐ.டி.யிலும் அப்படியொரு தொட்டி உண்டு.

இனி ரூபாய்க் கணக்கு. படகைத் தள்ளத் தேவைப்படும் திறன், தோராயமாக வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. எல்லை வேகத்தை ஒட்டி அதைவிடவும் மோசம் என்றாலும் மும்மடியையே எடுத்துக்கொள்வோம். பழைய டீசல் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் ஐந்து குதிரைத்திறனுக்கு ஒரு லிட்டர் குடிக்கும் என்பது கையடக்கமான கணக்கு. நம் படகுக்கு 9 நாட் வேகத்தில் 120 குதிரைத்திறன் தேவை என்றால் மணிக்கு 24 லிட்டர். 8 நாட் வேகத்தில் அது 17 லிட்டருக்குக் கீழே இறங்கிவிடும். 7 நாட் வேகத்தில் 11.3 லிட்டர். நாற்பது கடல் மைல் போய் நாற்பது மைல் திரும்பும் பயணத்தில் 9 நாட் என்றால் 213 லிட்டர், ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. 7 நாட் என்றால் 129 லிட்டர், பதினொன்றரை மணி நேரம். வித்தியாசம் 84 லிட்டர். லிட்டர் 80 ரூபாய் என்று வைத்தாலும் 6,700 ரூபாயைத் தாண்டுகிறது. இரண்டரை மணி நேரத்துக்கு அது கூலி.

மேல்நாடுகளில் பொழுதுபோக்குக்காகப் பழைய மோட்டார் யாட் வாங்குபவர்கள் இதே பாடத்தைப் பில் கட்டித்தான் படிக்கிறார்கள். நாற்பது அடி நீளம், முன்னூறு குதிரைத்திறனில் இரட்டை டீசல் எஞ்சின், விற்பனைத் தாளில் 18 நாட் என்று எழுதியிருக்கும். அந்த வேகத்தில் மணிக்கு நூறு லிட்டருக்கு மேல் போகும். அதே யாட்டை அதன் எல்லை வேகமான 8 நாட்டுக்குக் கீழே ஓட்டினால் இருபது லிட்டருக்குப் பக்கத்தில் அடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் 10, 12 நாட் வேகத்தில் ஓட்டுவதுதான் படுமோசமான தேர்வு. மேட்டில் ஏறவும் முடியாது, கீழே இறங்கவும் மனம் வராது.

அப்படியானால் 18 நாட் எப்படிச் சாத்தியம்? அடிப்பாகம் தட்டையாக, உடல் இலேசாக, திறன் ஏராளமாக இருந்தால் படகு தன் அலையைத் தாண்டித் தண்ணீரின் மேல் எழும்பிச் சறுக்கத் தொடங்கும். எல் அண்டு டி நிறுவனம் கடலோரக் காவல்படைக்குக் கட்டிய இடைமறிப்புப் படகுகள் இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ 28 மீட்டர் நீளம். நம் கணக்குப்படி 12, 13 நாட்டில் நிற்க வேண்டியவை. அலுமினிய உடலும் நீர்த்தாரை உந்துவிசையுமாக அவை 45 நாட் போகின்றன. கடத்தல்காரரைத் துரத்த அந்தச் செலவு நியாயம். ஐஸ், வலை, மீன், பத்து நாள் தண்ணீர் என்று வயிறு நிறைந்த மீன்பிடிப் படகு சறுக்கவே சறுக்காது. அதன் அடிப்பாகமே அதற்கானதல்ல.

இவ்வளவும் தெரிந்தால் எஞ்சின் போட்டி வேறு மாதிரித் தெரியும். ஒரு காலத்தில் எண்ணூரை ஊராகக் கொண்ட அசோக் லேலண்டின் கடல் எஞ்சின்களே பல விசைப்படகுகளுக்குப் போதுமானவையாக இருந்தன. பிறகு கரையில் ‘சீன எஞ்சின்’ என்று அழைக்கப்படும் அதிவேக எஞ்சின்கள் வந்தன. சண்டை, வழக்கு, போராட்டம் எல்லாம் நடந்தன. 2020-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் என்று வரம்பு கட்டின. மீன்வளம் காப்பதுதான் வரம்பின் நோக்கம். இழுவலை இழுக்கும்போது கூடுதல் திறனுக்கு உபயோகம் இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் பிடிக்கும் இடத்துக்குப் போய் வரும் பயணத்தில், எல்லை வேகத்தைத் தொட்ட படகில் கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு குதிரையும் அலையைத்தான் இழுக்கிறது என்பது என் கணிப்பு. பக்கத்துப் படகை முந்தும் கௌரவத்துக்கும் ஒரு விலை உண்டுதானே என்பார்கள். உண்டு, அது மேலே சொன்ன 84 லிட்டர்.

எஞ்சினுக்கென்று ஒரு சிக்கன ஆர்.பி.எம். இருக்கிறது, அதில் ஓட்டினால் போதும் என்றொரு நம்பிக்கையும் பரவலாக உண்டு. எஞ்சினின் சிக்கனம் ஆர்.பி.எம்.முக்கு ஆர்.பி.எம். சில சதவீதம்தான் மாறும். படகின் தடை மடங்குகளில் மாறுகிறது. 2,000 ஆர்.பி.எம். உச்சமுள்ள எஞ்சினை 1,600-ல் ஓட்டினால் புரொபெல்லர் வாங்கும் திறன் உச்சத்தில் பாதிதான். 1,400 என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதற்காக மணிக்கணக்கில் ஐடிலிங்குக்குப் பக்கத்திலேயே தேய்த்து ஓட்டுவதும் பழைய டீசலுக்கு ஆகாது. சூடேறாமல் கரி படியும், சிலிண்டர் சுவர் வழவழப்பாகி எண்ணெய் எரியத் தொடங்கும். உச்ச ஆர்.பி.எம்.மில் எழுபதிலிருந்து எண்பது சதவீதம் என்பது எஞ்சினுக்கும் படகுக்கும் ஒத்துப்போகும் இடம். புரொபெல்லரும் கியரும் இதில் சேர்த்தி: பெரிய விட்டமுள்ள புரொபெல்லர் மெதுவாகச் சுற்றினால் சிக்கனம், சின்னது வேகமாகச் சுற்றினால் விரயம். எஞ்சினை மாற்றிவிட்டுப் பழைய புரொபெல்லரையே வைத்துக்கொள்வது கையிலிருக்கும் லாபத்தைத் தண்ணீரில் விடுவது.

அடிப்பாகத்தில் ஒட்டும் பாசியும் சிப்பியும் எஞ்சினைவிடப் பெரிய திருடர்கள். வெப்பக் கடலில், பாசி தடுக்கும் பெயின்ட் அடிக்காத படகு ஒரே மாதத்தில் 7 சதவீதம் வரையும் ஆறு மாதத்தில் 44 சதவீதம் வரையும் கூடுதல் எரிபொருள் கேட்கலாம் என்று ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டுக் கையேடு சொல்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகைக்குள் படகு மறுபடி தாடி வளர்த்துவிடும்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கு இருக்கிறது. பழவேற்காடு ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான். ஆழம் குறைந்த தண்ணீரில் அலைக்கே வேகத்தடை உண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில் எந்த அலையும் 6 நாட்டுக்கு மேல் ஓட முடியாது. ஒன்றரை மீட்டரில் ஏழரை. அந்த வேகத்தை நெருங்கும் படகின் முன்னால் தண்ணீர் குவிந்து நிற்கும், பின்பக்கம் அடியில் உறிஞ்சினாற்போல் தாழும். சேற்றைக் கலக்கிக்கொண்டு சத்தம் மட்டும் கூடும். முகத்துவாரத்தைத் தாண்டும் வரை நாலு, நாலரை நாட் வேகத்தில் போவது டீசலுக்கும் நல்லது, புரொபெல்லருக்கும் நல்லது.

தன் படகின் சிக்கன வேகம் எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, லிட்டர் லிட்டராகக் கோடு போட்ட ஐந்து லிட்டர் கேனில் விட வேண்டும். இன்ஜெக்டரிலிருந்து திரும்பிவரும் மிச்ச டீசல் குழாயையும் அதே கேனுக்குத் திருப்ப வேண்டும். இதை மறந்தால் எரியாத டீசலும் எரிந்த கணக்கில் சேர்ந்துவிடும். மெக்கானிக் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு கரையருகே செய்வது உத்தமம், ஏனென்றால் குழாயில் காற்றுப் புகுந்தால் எஞ்சின் நின்றுவிடும். 1,200 ஆர்.பி.எம்.மில் தொடங்கி இருநூறு இருநூறாகக் கூட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தீர எத்தனை நிமிடம் என்று பாருங்கள். ஜி.பி.எஸ். வேகத்தைப் போகும்போதும் திரும்பும்போதும் குறித்துச் சராசரி எடுங்கள். இல்லாவிட்டால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், கணக்கைக் கெடுக்கும். மணிக்கு ஆகும் லிட்டரை வேகத்தால் வகுத்தால் ஒரு மைலுக்கு ஆகும் டீசல் கிடைக்கும். அந்த எண் எந்த ஆர்.பி.எம்.மில் திடீரென்று எகிறுகிறதோ, அதற்கு ஒரு படி கீழே டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி மீட்டரில் பெயின்டால் கோடு போட்டுவிடலாம்.

ஏலத்துக்கு முந்தி வந்தால்தான் விலை, அதனால் போகும்போது மெதுவாகப் போய்விட்டு வரும்போது விரட்டுவோம் என்று ஒரு வாதம் வரும். அதையும் அதே படகில் போட்டுப் பார்க்கலாம். நாற்பது மைல் 7 நாட் வேகத்தில் போய், நாற்பது மைல் 9 நாட் வேகத்தில் திரும்பினால் 171 லிட்டர் ஆகும். பயணம் 10 மணி 10 நிமிடம். போக வர ஒரே சீராக 8 நாட் என்றால் 169 லிட்டர், சரியாகப் பத்து மணி நேரம்.