"காலனி" என்னும் சொல்

தாம்பரத்தில் ரெயில்வே காலனி இருக்கிறது; குரோம்பேட்டையில் நியூ காலனி இருக்கிறது. இங்கெல்லாம் அச்சொல் உத்தியோகஸ்தர் குடியிருப்பைக் குறிக்கும். அதைச் சொல்லிக் கொள்வதில் எவருக்கும் கூச்சமில்லை. ஆனால் இதே செங்கற்பட்டு ஜில்லாவின் கிராமங்களில் ஊர் வேறு, காலனி வேறு. விலாசத்தில் அச்சொல் இருந்துவிட்டால் ஜாதியைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. போதாக்குறைக்கு, பலகை எழுதுவோர் சிலர் 'காலணி' என்று எழுதிச் செருப்பாக்கியும் விடுகிறார்கள்!

லத்தீன் பாஷையில் 'கொலோனுஸ்' என்றால் உழவன். 'கொலோனியா' அவன் குடியேறிய நிலம். ரோமாபுரியார் தாம் வென்ற நாடுகளில், சேவை முடித்த போர்வீரருக்கு நிலம் அளித்துக் குடியேற்றிய ஊர்களை அவ்வாறு அழைத்தனர். கி.பி. 50-ல் அந்த அந்தஸ்தைப் பெற்ற ஜெர்மானிய நகரம் இன்றும் கொலோன் என்றே வழங்குகிறது. இங்கிலாந்தின் லிங்கன் நகரப் பெயரின் பின்பாதியும் இதுவே. ஆகவே அடிமைகளின் விலங்கை ஒடித்த ஆபிரகாம் லிங்கனின் பெயரிலும் ஒரு காலனி ஒளிந்திருக்கிறது. பிற்காலத்தில் ஐரோப்பியர் கடல் கடந்து பிடித்த நாடுகளுக்கும் இச்சொல்லே பெயராயிற்று. 1802-ல் இலங்கை பிரிட்டிஷ் முடியின் காலனியாயிற்று. எறும்புக் கூட்டத்தையும் விஞ்ஞானிகள் காலனி என்பர்.

நம் நாட்டில் சர்க்கார் மனைக்கட்டு வழங்கி ஆதிதிராவிடருக்கு ஏற்படுத்திய குடியிருப்புகளுக்கும் அப்பெயர் வழங்கிற்று. சேரி என்ற பெயர் மாறிற்று. ஊருக்கு வெளியே என்ற இடம் மாறவில்லை. ஆகவே பழைய இழிவு புதுப் பெயரின் மீதும் ஏறிக்கொண்டது. சர்க்கார் தஸ்தாவேஜுகளிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் இச்சொல்லை நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29-ல் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். அதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் ரோமாபுரியின் கொலோனியாவில் பெயரோடு நிலமும் இருந்தது. இங்கே உழுதவனுக்குப் பெயர் மட்டுமே மிஞ்சிற்று. அவனுடைய நிலமில்லாக் கொடுமையை 1891-ல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரமன்ஹீர் விரிவாக எழுதினார். மறு ஆண்டில் நிலம் ஒதுக்க உத்தரவு பிறந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுதான். அவற்றில் பல பிறர் கைக்குப் போயின. மீட்கக் கிளர்ந்தெழுந்தோரில் இருவர் 1994-ல் இதே ஜில்லாவைச் சேர்ந்த காரணைக் கிராமத்தின் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிக்கு இரையாயினர். பலகையை மாற்றி எழுதும் சர்க்கார், அந்நிலங்கள் இன்று எவர் பட்டாவில் இருக்கின்றன என்ற கணக்கையும் கிராமந்தோறும் வெளியிட வேண்டும்.