வறியவருக்குக் கொடுக்க மறந்த அரசன்

பௌத்தம் துறவிகளின் சமயம், அதற்கும் ஆட்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பாலித் திரிபிடகத்தின் தீக நிகாயத்தில் உள்ள சக்கவத்தி சீகநாத சுத்தம் என்ற உபதேசத்தைப் படிக்க வேண்டும். நாட்டில் குற்றம் பெருகினால் முதலில் யாரைக் கேட்பது என்பதற்கு அது தயங்காமல் அரசனைக் காட்டுகிறது.

தள்ஹநேமி என்ற சக்கரவர்த்தியில் தொடங்குகிறது கதை. அவனுடைய அறம் சார்ந்த ஆட்சிக்கு அடையாளம் ஒரு தெய்விகச் சக்கரம். அவன் துறவு பூண்ட ஏழாம் நாள் அது மறைந்துவிட, பட்டத்துக்கு வந்த மகன் கலங்கிப்போய்த் தந்தையிடம் ஓடுகிறான். அது தகப்பன் வழிச் சொத்தல்ல, உன் நடத்தையால் நீயே பெற வேண்டும் என்கிறார் தந்தை. குடிகளோடு விலங்கு, பறவைகளையும் காக்க வேண்டும். இல்லாதவருக்குப் பொருள் கொடுக்க வேண்டும். நல்லது கெட்டதைச் சான்றோரிடம் கேட்டு நடக்க வேண்டும்.

பல தலைமுறைகள் அப்படியே ஆண்டன. பின்னால் வந்த ஒருவன் மனம்போன போக்கில் ஆண்டான். அமைச்சர்கள் எடுத்துச் சொன்னதும் காவலைச் சரிசெய்தான். ஏழைகளுக்குக் கொடுப்பதை மட்டும் விட்டுவிட்டான். வறுமை முற்றி ஒருவன் திருடிப் பிடிபட்டான். பிழைக்க வழியில்லை என்று அவன் சொன்னதும், இதை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்று, தொழில் செய் என்று அரசன் பணம் கொடுத்து அனுப்பினான். திருடினால் பணம் கிடைக்கும் என்ற செய்தி பரவியது, திருட்டு கூடியது. உடனே அரசன் தண்டனைக்குத் தாவினான். அடுத்துப் பிடிபட்டவனின் கைகளைப் பின்னால் இறுகக் கட்டி, தலையை மழித்து, பறை அதிரத் தெருத்தெருவாக இழுத்துப்போய், தெற்கு வாசலுக்கு வெளியே தலையை வெட்டினார்கள். அதைக் கேள்விப்பட்ட மக்கள் தாங்களும் கூரிய வாள்களைச் செய்துகொண்டார்கள். ஊர்களிலும் வழிகளிலும் கொள்ளையடித்து, பறிகொடுத்தவர்களின் தலையையும் வெட்டினார்கள். கொலையைத் தொடர்ந்து பொய் வந்தது, மற்றத் தீமைகளும் வந்தன. 80,000 ஆண்டாக இருந்த மனித ஆயுள் தேய்ந்து தேய்ந்து 10 ஆண்டுக்கு இறங்கியது.

இதில் என்னை மிகவும் உலுக்குவது, அரசனின் கொடையும் தோற்றுப்போவதுதான். காலம் கடந்து, பிடிபட்டவனுக்கு மட்டும் கிடைக்கும் காசு நாட்டைக் காப்பாற்றவில்லை. பிறகு எதுதான் காப்பாற்றும்?

அதே நிகாயத்தின் கூடதந்த சுத்தம் விடை தருகிறது. மகாவிஜிதன் என்ற அரசன் பெரிய வேள்வி செய்ய விரும்புகிறான். நாட்டில் கொள்ளை மலிந்திருக்கும்போது இன்னும் வரி போடுவது தவறு என்கிறார் அவனுடைய புரோகிதர். கொல்வதாலும் சிறையில் அடைப்பதாலும் கொள்ளை ஓயாது. தப்பியவர்கள் மீண்டும் வருவார்கள். உழவருக்கு விதையும் கால்நடைக்குத் தீவனமும் கொடு, வணிகருக்கு முதல் கொடு, அரசுப் பணியாளருக்குச் சோறும் கூலியும் கொடு என்று அவர் வழி சொல்கிறார். அரசன் கேட்டான். மக்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளைக் கொஞ்சியபடி அச்சமின்றி வாழ்ந்தார்கள். அரச நீதி பற்றிய பழைய நூல்களில் இதைவிடத் தெளிவான அறிவுரையை நான் கண்டதில்லை.

இந்த இலட்சியத்தை நிஜ அரியணையில் முயன்று பார்த்தவர் அசோகர். கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் 1,50,000 பேர் பிடித்துச் செல்லப்பட்டதையும் அவரே 13ஆம் பாறைக் கல்வெட்டில் வருந்திச் சொல்கிறார். கலிங்கத்துத் தௌலியில் அந்த வாசகம் கிடையாது. அதற்குப் பதில், குடிகள் எல்லாரும் என் பிள்ளைகள், காரணமின்றி யாரையும் சிறையிலிட்டு வதைக்காதீர்கள் என்று தோசலி நகர அதிகாரிகளுக்கு ஆணை இருக்கிறது. ஆனாலும் அவர் மரண தண்டனையை ஒழிக்கவில்லை. தீர்ப்பானவர்களுக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்ததோடு நின்றார். எவ்வளவு மதித்தாலும் இந்தக் குறையை மறைக்கக் கூடாது.

நம் பௌத்தக் காப்பியமான மணிமேகலை இன்னும் ஓரடி முன்னால் போகிறது. புகார்ச் சிறையில் வாடியவர்களின் பசியை அமுதசுரபிப் பாத்திரத்தால் தீர்த்த மணிமேகலையை அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்கிறான் சோழன். சிறையை அறவோர் இடமாக்கித் தரும்படி அவள் கேட்க, அப்படியே செய்கிறான். பிள்ளைகளுக்கு மணிமேகலையைச் சொல்லும்போது அமுதசுரபியோடு நிறுத்திவிடாதீர்கள். 19ஆம் காதையான சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.