ஸ்பிரிங் சீட்டின் சூட்சுமம்

முட்டுக்காடு உப்பங்கழிப் பாலத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று தடதடத்துக் கடந்தால், அதன் பின்சக்கரத்தைப் பாருங்கள். பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச் போன்ற இரண்டாம் உலகப் போர்க்கால வண்டிகளில் பின்பக்க ஷாக் அப்சார்பரே கிடையாது. சக்கரம் நேராகச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் இருந்தது. இந்தக் கிழவண்டிகளிலோ முதுகைக் காப்பாற்றுவது சீட் ஒன்றுதான்.

சீட்டின் மூக்கில் ஒரு போல்ட், பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங். மேடு வந்தால் சீட் அந்த போல்ட்டை அச்சாகக் கொண்டு ஏறி இறங்க வேண்டும். முதுகு வலிக்கிறதென்று பலர் உடனே பஞ்சைக் கூட்டுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அந்த போல்ட்டைத்தான். உப்பங்கழிக் காற்றில் துரு ஏறி அது இறுகிவிட்டால், எந்த ஸ்பிரிங்கும் வேலை செய்யாது. பின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுச் சீட்டைத் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே பொத்தென்று விழ வேண்டும். விழாவிட்டால் போல்ட்டைக் கழற்றித் துருவைத் தேய்த்து, கிரீஸ் வையுங்கள்.

அடுத்தது ஸ்பிரிங். நீங்கள் உட்கார்ந்ததும் சுருளோடு சுருள் ஒட்டினால் அது உங்கள் எடைக்குப் போதாது. அசையவே இல்லையென்றால் மிகக் கடினம். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அமுங்கிய சீட் மட்கார்டில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

பஞ்சு கடைசியில்தான்: அடியில் ரப்பர் ஏற்றிய தென்னை நார், மேலே மெல்லிய ஃபோம். டயர் கல்லாக இறுகினாலும் குலுக்கல் கூடும்; அதனால் அதில் காற்று அளவுக்கு மேல் வேண்டாம்.